இயற்கைத் தேர்வை ஏற்க அறிவியல் உலகம் ஏன் எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது?

தும்பை எழுதியது:

பரிணாமக் கொள்கை வளர்ந்த விதம் பற்றி நம்மிடையே வழங்கும் கதை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருக்கிறது. டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார், 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார், திருச்சபை எதிர்த்தது, இறுதியில் அறிவியல் வென்றது. இந்தக் கதையில் 1859க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலம் முழுவதுமாகக் காணாமற்போய்விடுகிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

டார்வின் தம் நூலில் இரண்டு கருத்துகளை முன்வைத்தார். உயிரினங்கள் யாவும் பொதுவான மூதாதையரிடமிருந்து கிளைத்து வந்தவை என்பது முதலாவது. அந்த மாற்றத்தை முதன்மையாக நிகழ்த்தும் விசை இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்கு ஏற்ற பண்பு கொண்டவை அதிகம் பிழைத்துப் பெருகுவது, என்பது இரண்டாவது. முதல் கருத்தை உயிரியலாளர்களில் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இரண்டாவதை ஏற்கவில்லை. 1880களிலிருந்து 1920கள் வரை வாழ்நாளில் பெற்ற பண்புகள் பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் என்று லாமார்க் வழியில் சிந்தித்தவர்கள், உயிரினங்களுக்குள்ளேயே ஒரு திசைநோக்கு இருப்பதாக நம்பியவர்கள், திடீர் மாற்றங்களால் ஒரே தாவலில் புதிய இனம் பிறக்கிறது என்று வாதிட்டவர்கள் எனப் பலரும் இயற்கைத் தேர்வை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் எழுத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியரான வாலஸ், ஜெர்மனியின் உயிரியலாளர் வைஸ்மான் போன்ற சிலரே கடைசிவரை அதைப் பற்றி நின்றவர்கள். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1942இல் திரும்பிப் பார்த்து எழுதியபோது, அந்தக் காலத்தை டார்வினியத்தைப் பிடித்த கிரகணம் என்றே குறிப்பிட்டார்.

மறுத்தவர்களில் பலர் மிகக் கூர்மையான அறிவாளிகள், அவர்கள் எழுப்பிய கேள்விகள் நேர்மையானவை, அன்றைய அறிவை வைத்துப் பார்த்தால் வலுவானவையும்கூட என்பதே என் கருத்து. உடன்படாத நண்பர்கள் காரணத்தோடு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல் எழுதியது:

தும்பை அவர்களுக்கு வணக்கம். சமய நம்பிக்கையின் பங்கைத் தாங்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுவதாகத் தோன்றுகிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களே திருச்சபையின் நிழலில் இருந்தவை. குருட்டுத்தனமான ஒரு செயல்முறை கண்ணைப் போன்ற உறுப்பை உருவாக்கியது என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள், அறிவியல் மொழியில் சாக்குச் சொன்னார்கள் என்று ஏன் கொள்ளக்கூடாது?

தும்பை எழுதியது:

கரிசல் அவர்களே, சமயத் தயக்கம் இருந்தது உண்மை. ஆனால் டார்வினை அதிகம் வருத்திய மறுப்புகளில் ஒன்று, கடலடித் தந்திக் கம்பிகளைப் பதிக்கும் வேலையில் பேர்பெற்ற ஒரு பொறியாளரிடமிருந்து வந்தது. அவர் பெயர் ஃப்ளீமிங் ஜென்கின். 1867 ஜூனில் ஓர் இதழில் டார்வினின் நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரையில் இருந்தது வெறும் கணக்கு.

அக்காலத்தில் டார்வின் உட்பட ஏறக்குறைய எல்லோரும், தாய் தந்தையரின் பண்புகள் பிள்ளையிடம் கலந்து இடைப்பட்ட நிலையை அடைகின்றன என்றே எண்ணியிருந்தார்கள். இப்போது ஒரு கூட்டத்தில் ஒரே ஓர் உயிர் நல்லதொரு மாற்றத்தோடு பிறக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் சிறப்பை 16 என்று குறிப்போம். அது சாதாரணமான ஒன்றோடு இணைந்தால் குட்டிகளுக்கு 8. அவையும் சாதாரணமானவற்றோடு இணைந்தால் அடுத்த தலைமுறைக்கு 4, பிறகு 2, பிறகு 1. தேர்வு என்ற விசை கைவைப்பதற்கு முன்பே தேர்ந்தெடுக்க வேண்டிய பொருள் கரைந்து போய்விடுகிறது. ஜென்கின் இதை விளக்கக் கையாண்ட எடுத்துக்காட்டு அக்கால நிறவெறியில் தோய்ந்தது, அதை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் கணக்கில் பிழை இல்லை.

டார்வின் இதைப் புறந்தள்ளவில்லை. 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த மதிப்புரையைக் குறிப்பிட்டு, தனித்தோன்றும் மாற்றங்கள் நிலைத்து நிற்பது எவ்வளவு அரிது என்பதை அதைப் படிக்கும் வரை உணரவில்லை என்று எழுதினார். எல்லா உயிர்களிடமும் காணப்படும் சிறுசிறு வேறுபாடுகளே தேர்வுக்கான மூலப்பொருள் என்று அழுத்தத்தை மாற்றிக்கொண்டார். அதுவும் முழு விடையாகவில்லை. பண்புகள் கலந்துபோவது உண்மையானால், ஒரு கூட்டத்திலுள்ள வேறுபாட்டின் அளவு ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பத்துத் தலைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய வேறுபாடு மலைமலையாகப் பிறந்துகொண்டே இருக்கவேண்டும். அது எங்கிருந்து வரும் என்று கேட்டால் டார்வினிடம் பதில் இல்லை.

அந்த இக்கட்டில்தான் 1868இல் உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை உதிர்க்கிறது, அவை இனப்பெருக்க உறுப்புகளில் வந்து சேர்கின்றன என்ற பான்ஜெனிசிஸ் கருதுகோளை அவர் வெளியிட்டார். அவருடைய உறவினரான கால்டன் ஒரு வகை முயலின் இரத்தத்தை இன்னொரு வகைக்குச் செலுத்திப் பார்த்து, குட்டிகளில் எந்த மாற்றமும் இல்லை என்று 1871இல் அறிவித்தார். துகள்கள் இரத்தத்தில் ஓடுகின்றன என்று தாம் எங்குமே சொல்லவில்லை என டார்வின் பதில் எழுதினார். இந்தப் பரிமாற்றத்தில் சமயம் எங்கே இருக்கிறது?

நூலகவாசி எழுதியது:

தும்பை அவர்கள் மரபுரிமைச் சிக்கலைச் சொன்னார்கள். காலச் சிக்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது இயற்பியலிலிருந்து வந்த அடி.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரிப்பால் உருவாக ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று டார்வின் முதல் பதிப்பில் கணக்கிட்டிருந்தார். கண்டனம் எழுந்ததும் மூன்றாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், உருகிய நிலையிலிருந்து குளிர்ந்துவரும் திண்மக் கோளமாகப் பூமியைக் கொண்டு, சுரங்கங்களில் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் ஏறும் விகிதத்தை வைத்து, அதன் வயது 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டது என்று 1862இல் மதிப்பிட்டார். பிறகு அதைச் சுருக்கிக்கொண்டே போய் 1897இல் 2 முதல் 4 கோடி என்று நிறுத்தினார். மிகமெதுவாகச் செயல்படும் இயற்கைத் தேர்வுக்கு அந்தக் காலம் போதாது. தம்மை மிகவும் நோகச் செய்யும் இடர்ப்பாடுகளில் இது ஒன்று என்று டார்வினே வாலஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

பூமிக்குள் கதிரியக்க வெப்பம் இருப்பதை அறியாததால் கெல்வின் தவறினார் என்று பல நூல்கள் சொல்கின்றன. முதன்மைப் பிழை அதுவன்று. அவருடைய முன்னாள் உதவியாளரான ஜான் பெர்ரி 1895லேயே சுட்டிக்காட்டியது போல, பூமியின் உட்பகுதி வெப்பத்தைத் திண்மப் பாறையைவிட எளிதாகக் கடத்தக்கூடியது என்று எடுத்துக்கொண்டாலே வயது பல மடங்கு உயர்ந்துவிடும். உட்பகுதி மெல்ல ஓடிப் புரண்டுகொண்டிருக்கிறது என்பதை நாம் இன்று அறிவோம். கதிரியக்கம் கணக்கைத் தீர்த்தது வெப்பமூட்டியாக அல்ல, கடிகாரமாக. 1907இல் போல்ட்வுட் பாறைகளிலுள்ள யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் விகிதத்தைக் கொண்டு 40 கோடி முதல் 200 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை வயது கண்டார். இன்று ஏற்கப்பட்டுள்ள பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்.

பட்டாணிக்கொடி எழுதியது:

அருமையான விளக்கங்கள். ஆனால் மரபுரிமைச் சிக்கலுக்கான விடை அப்போதே அச்சில் இருந்ததே. மெண்டல் 1865இல் புரூன் நகரில் தம் பட்டாணி ஆய்வை வாசித்தார், 1866இல் அது வெளிவந்தது. ஜென்கின் எழுதுவதற்கு ஓராண்டு முன்பு! டார்வின் அதைப் படித்திருந்தால் எழுபது ஆண்டு ஏழு ஆண்டாகியிருக்கும் அல்லவா? அந்தக் கட்டுரையின் பிரதி பக்கம் வெட்டப்படாமலேயே டார்வினின் நூலகத்தில் கிடந்தது என்றும் படித்திருக்கிறேன்.

தும்பை எழுதியது:

பட்டாணிக்கொடி அவர்களே, மெண்டலின் கட்டுரை டார்வினின் நூலகத்தில் இருந்ததில்லை. தாவரக் கலப்பினங்களைப் பற்றி ஃபோக்கே 1881இல் வெளியிட்ட ஜெர்மன் நூலில் மெண்டலைப் பற்றிய பகுதி உண்டு, டார்வினிடம் இருந்த அந்த நூலின் பிரதியில்தான் மெண்டலைப் பற்றிய பக்கங்கள் வெட்டப்படாமல் இருந்தன. மறுபுறம் மெண்டல் டார்வினைப் படித்திருந்தார். 1863இல் வந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அவர் கோடிட்டுக் குறிப்பெழுதிய பிரதி இன்றும் இருக்கிறது.

"படித்திருந்தால்" என்ற கேள்விக்கு வருகிறேன். மெண்டலின் எண்களைப் பாருங்கள். உருண்டை விதையும் சுருங்கிய விதையும் கொண்ட செடிகளைக் கலந்து, இரண்டாம் தலைமுறையில் அவர் எண்ணியவை 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் மறைந்த சுருக்கம் சிறிதும் மங்காமல் அடுத்ததில் திரும்பி வருகிறது. அதாவது, எதுவும் கரையவில்லை.

இப்போது டார்வினின் தோட்டத்துக்கு வாருங்கள். நாய்வாய் மலர் என்று சொல்லத்தக்க ஸ்நாப்டிராகன் செடியில் இதழ்கள் இருபுறமும் ஒத்திருக்கும் சாதாரண வகையையும், எல்லாத் திசையிலும் ஒரே சீராக அமைந்த அரிய வகையையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் சாதாரண வகை. அவற்றின் விதைகளை விதைத்துக் கிடைத்த 127 செடிகளில் 88 சாதாரணம், 37 அரிய வகை, 2 இடைப்பட்டவை. மெண்டலின் விகிதத்துக்கு நெருக்கமான இந்த எண்களைத் தம் கையால் எண்ணி 1868இல் அச்சிலும் வெளியிட்டார். எண்கள் கண்முன் இருந்தும் அவற்றை ஒரு விதியின் அடையாளமாக அவர் பார்க்கவில்லை, ஏனெனில் அவர் தேடியது விகிதத்தை அல்ல. இப்படிப்பட்ட கூர்மையான மாற்றங்களை அவர் இயற்கையின் விதிவிலக்குகளாகவே கருதினார், பரிணாமத்துக்கு உதவுபவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய, தொடர்ச்சியான வேறுபாடுகள் என்று உறுதியாக நம்பினார். மெண்டலைப் படித்திருந்தாலும் பட்டாணியின் சுருக்கத்தை அதே விதிவிலக்குப் பட்டியலில்தான் சேர்த்திருப்பார் என்பது என் ஊகம்.

இதற்குச் சான்று 1900க்குப் பிறகு நடந்தவை. தாவரவியலாளர்களான டி விரிஸ், கோரன்ஸ், செர்மாக் ஆகியோர் வழியாக மெண்டல் வெளிச்சத்துக்கு வந்தபோது டார்வினியம் உடனே தலைநிமிர்ந்ததா? நேர்மாறாக நடந்தது. கேம்பிரிட்ஜின் பேட்சன் மெண்டலைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, மாற்றங்கள் துண்டுதுண்டாகத்தான் வருகின்றன, சிறுகச்சிறுகச் சேர்ந்து இனம் மாறுகிறது என்பது பிழை என்று முழங்கினார். டி விரிஸ் தம் தோட்டத்து ஈனோதீரா செடிகளைக் காட்டி, சடுதி மாற்றமே புதிய இனத்தைப் படைக்கிறது என்றார். டார்வினின் பக்கம் நின்ற பியர்சனும் வெல்டனும் உயரம், நண்டு ஓட்டின் அகலம் போன்ற தொடர்ச்சியான பண்புகளை அளந்துகொண்டு, மெண்டலின் விதி சில விசித்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று மறுத்தார்கள். டார்வினை நம்பியவர்கள் மெண்டலை மறுத்தார்கள், மெண்டலை நம்பியவர்கள் டார்வினை ஒதுக்கினார்கள்.

பனையோலை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த வழக்கின் முக்கியமான ஒரு சாட்சி எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் தேசி (எலுமிச்சை) மரத்திலும் வளர்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காமன் மோர்மன் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் புழு இளமையில் பறவை எச்சம் போலவே தோன்றும். ஆண் ஒரே வடிவம், பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற வேறு இரு வண்ணத்துப்பூச்சிகளை அச்சொட்டாக ஒத்திருக்கும். அவ்விரண்டின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை போன்ற நச்சுச் செடிகளைத் தின்று வளர்வதால் பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே போலி வேடம் பூண்ட பெண்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது.

பேட்சனின் சகாவான புன்னெட் இலங்கைக்கு வந்து இந்த இனத்தை ஆராய்ந்தார். ஃப்ரையர் என்பவர் இங்கேயே அவற்றை வம்சாவழியாக வளர்த்து, மூன்று வடிவங்களும் மெண்டலின் முறைப்படி ஓரிரு காரணிகளால் (இன்று மரபணுக்கள் என்கிறோம்) கடத்தப்படுகின்றன என்று 1913இல் வெளியிட்டார். ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு வடிவப் பெண்கள் வெளிவரும், இடைப்பட்ட வடிவம் வராது. இதை வைத்து 1915இல் புன்னெட், போலி வேடம் சிறுகச்சிறுகக் கூர்ப்படைந்ததல்ல, ஒரே தாவலில் தோன்றியது என்று வாதிட்டார்.

ஆனால் அதே நூலின் பின்னிணைப்பாக, நோர்ட்டன் என்ற கணிதவியலாளர் தயாரித்த ஓர் அட்டவணையையும் அவர் சேர்த்திருந்தார். மெண்டலின் காரணி ஒன்றுக்குச் சிறிது சாதகம் இருந்தால், அது ஒரு கூட்டம் முழுவதும் பரவ எத்தனை தலைமுறை ஆகும் என்ற கணக்கு அது. நூற்றுக்குப் பத்து அளவான சாதகம்கூட இயற்கையின் கால அளவில் மிக விரைவாகப் பரவிவிடும் என்று அது காட்டியது. டார்வினுக்கு எதிராக எழுதப்பட்ட நூலின் பின்னிணைப்பு, இயற்கைத் தேர்வின் ஆற்றலை முதன்முதலில் எண்களில் நிறுவியவற்றுள் ஒன்றாக அமைந்தது.

கரிசல் எழுதியது:

பனையோலை அவர்களின் பதிவுக்கு நன்றி, இது எனக்குப் புதிய செய்தி. சமயத் தயக்கம் மட்டுமே காரணம் என்ற என் வாதத்தை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் லாமார்க்கை விட்டுவிட்டீர்கள். வைஸ்மான் எலிகளின் வாலைப் பல தலைமுறை வெட்டிப் பார்த்து லாமார்க்கைப் பொய்யாக்கிவிட்டார் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அதன் பிறகும் 1920கள் வரை லாமார்க்கியர்கள் எப்படி நீடித்தார்கள்?

நூலகவாசி எழுதியது:

அந்த ஆய்வு உண்மையில் நடந்தது. ஐந்து தலைமுறைப் பெற்றோரின் வாலை வெட்டியும், பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூடக் குட்டை வாலோடு பிறக்கவில்லை. ஆனால் லாமார்க் 1809இல் பேசியது உயிரினம் தன் தேவைக்காக உறுப்பைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாமல் விடுவதும் பற்றி. வெளியார் கத்தியால் வெட்டுவது அதில் அடங்காது என்று அக்கால லாமார்க்கியர்கள் நியாயமாகவே பதிலளித்தார்கள். வைஸ்மான் எதிர்த்தது, காயத்தின் தழும்புகூடப் பிள்ளைக்குக் கடத்தப்படும் என்று அன்று பரவலாகச் சொல்லப்பட்ட கதைகளை. அவருடைய பெரிய பங்களிப்பு வேறு. முட்டையும் விந்தும் உருவாகும் செல்வழி உடலின் மற்றச் செல்களிலிருந்து தொடக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது, எனவே உடல் வாழ்நாளில் பெற்றது அதற்குள் நுழைய வழியில்லை என்று 1883 முதல் அவர் வாதிட்டார். பயன்பாட்டின் விளைவு மரபாகிறது என்ற உதவியை டார்வின் தாமே கடைசிவரை வைத்திருந்தார். அந்த ஊன்றுகோலைப் பிடுங்கி எறிந்து, இயற்கைத் தேர்வு தனியே நின்றாகவேண்டும் என்று சொன்னவர் வைஸ்மான். இதனால் பலர் அவரை வெறுத்தார்கள்.

தும்பை எழுதியது:

இனி முடிச்சு அவிழ்ந்த இடத்துக்கு வருவோம். 1909இல் ஸ்வீடனின் நில்சன் ஏலே, சிவப்புக் கோதுமையையும் வெள்ளைக் கோதுமையையும் கலந்தபோது, ஒரு கலப்பில் இரண்டாம் தலைமுறையில் 63 சிவப்புக்கு ஒரு வெள்ளை என்ற விகிதம் கிடைத்தது. மூன்று தனித்தனிக் காரணிகள் ஒரே நிறத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகின்றன என்று கொண்டால்தான் அந்த எண் வரும். சிவப்பும் ஒரே சிவப்பாக இல்லை, அடர்சிவப்பிலிருந்து வெளிர்சிவப்பு வரை படிப்படியாக இறங்கியது. மூன்று காரணிக்கே இப்படி என்றால், முப்பதோ முந்நூறோ காரணிகள் சேர்ந்தால் படிகளே தெரியாது. துண்டுதுண்டான காரணிகளிலிருந்தே பியர்சன் அளந்த வழவழப்பான தொடர்ச்சி பிறந்துவிடும்.

இதைக் கணித உறுதியோடு நிறுவியவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். கட்டுரையை அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியபோது மதிப்பிட்டவர்கள் பியர்சனும் புன்னெட்டும், அதாவது போரிட்ட இரு முகாம்களிலிருந்தும் ஒவ்வொருவர். இருவருமே ஆர்வம் காட்டவில்லை. 1918இல் அது எடின்பரோவில் வெளியாயிற்று. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரின் உயரங்களுக்கிடையே பியர்சன் கண்ட ஒப்புமை அளவுகள் எல்லாம் மெண்டலின் விதியிலிருந்தே வருகின்றன என்று அதில் காட்டினார். 1930இல் வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே ஜென்கின் காலத்துச் சிக்கலை எடுத்துக்கொண்டு, கலப்பு மரபுரிமையில் வேறுபாடு பாதி பாதியாக அழியும், மெண்டல் மரபுரிமையில் அது அப்படியே பாதுகாக்கப்படும் என்று விளக்கினார். டார்வினைத் துன்புறுத்திய கேள்விக்கு, அவர் இறந்து 48 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தெளிவான விடை அது.

உயிரியலாளர் ஹால்டேனின் பங்கையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் வெளிர்நிற விட்டில் இனம் ஒன்றின் கரிய வடிவம் 1848இல் முதன்முதலில் பதிவாயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே ஏறக்குறைய எல்லாமே கரியவை. இந்த வேகத்தில் மாற, கரிய விட்டில் வெளிறியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று 1924இல் ஹால்டேன் கணக்கிட்டார். இயற்கையில் தேர்வு இவ்வளவு கடுமையாக இருக்கும் என்று அப்போது எவரும் எண்ணியதில்லை. மனக்கணக்கில் வல்ல இந்த மனிதர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பட்டாணிக்கொடி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கறிவேப்பிலைச் செடியின் வண்ணத்துப்பூச்சி விஷயத்தில் இறுதியில் யார் சொன்னது சரி? ஒரே தாவல் என்ற புன்னெட்டா, சிறுகச்சிறுக என்ற ஃபிஷரா?

பனையோலை எழுதியது:

ஃபிஷர் 1927இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். வடிவத்தை மாற்றும் விசை ஒரே மரபணுவாக இருக்கலாம், ஆனால் அது தோன்றிய நாளிலேயே இன்றைய துல்லியத்தோடு இருந்திருக்கத் தேவையில்லை, தேர்வு அதைத் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்தியிருக்கும் என்றார். 2014இல் பெங்களூரிலுள்ள குண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த இனத்தின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, போலி வேடத்தை ஆளுவது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று கண்டார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை வகுக்கும் மரபணு அது. அந்த அளவில் புன்னெட் சரி. ஆனால் வேடம் பூணும் வடிவத்தில் அந்த மரபணு இருக்கும் குரோமோசோம் துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதனால் மற்ற வடிவத்தோடு கலந்து சிதையாமல், அதற்குள் ஏராளமான சிறு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் எவை இறக்கையின் எந்தப் புள்ளியை வரைகின்றன என்பதை ஆய்வாளர்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.